சபுராவின் கறுப்பு வத்தல்

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பூமாரி வீட்டுத் தகரக் கூரையில் மோர்மிளகாய் காயும். ஒட்டினாற்போல் இருக்கும் சபுரா வீட்டுக் கூரையில் பிளாஸ்டிக் காயும். அந்தச் சந்துக்காரர்களுக்கு இரண்டுமே வத்தல்தான். சபுராவுடையது உள்ளங்கை அகலத்தில், அப்பளத்தைவிடத் தடிமனாக, கன்னங்கரேலென்று இருக்கும். வரிசையாகப் பரப்பி, காக்காய் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க மேலே கம்பிவலை போட்டிருப்பாள். ஒருமுறை பூமாரியின் மச்சான் ஊரிலிருந்து வந்தவர், கருப்பட்டியில் செய்த ஏதோ பலகாரம் என்று நினைத்து ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டார். பல் தப்பித்தது அவர் செய்த புண்ணியம். சபுரா அந்த வத்தலை வாங்கித் துடைத்து, பல் பதிந்த இடத்தை வளைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா மருந்து போட்ட மால் அண்ணே, அதான் ஒடையல" என்று சொல்லித் திரும்ப வெயிலில் வைத்தாள்.

சபுராவுக்கு நாற்பத்தெட்டு வயது. மேலப்பாளையத்தில் பிறந்து, பத்தொன்பதில் கல்யாணமாகி இங்கே வந்தவள். வீட்டுக்காரர் ஸ்கூல் பை தைக்கும் பட்டறையில் தையல் மிஷினில் உட்காருகிறார். மகள் சஃப்ரீன் பி.காம். படிக்கிறாள். சபுராவுக்கு வேலை தாராவியில், ஹமீதின் தானா பட்டறையில். மும்பை முழுக்கக் குடித்து, குளித்து, அலுத்துத் தூக்கியெறிந்த கேனையும் டப்பாவையும் குழாயையும் ரகம் பிரித்து, கழுவி, அரைத்து, உருக்கி, நூலாக இழுத்து, மிளகு மிளகாக வெட்டினால் அதுதான் தானா. தாராவி பேச்சில் எந்தச் சரக்கும் மால்தான். பக்கெட் செய்கிறவர்களும் பைப் செய்கிறவர்களும் அதை மூட்டை மூட்டையாக வாங்கிப்போய் மறுபடி உருக்கிக்கொள்வார்கள். தாராவி பக்கம் போகும்போது கார் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளும் கனவான் வீட்டுக் குளியலறை வாளி, மூன்று வருஷத்துக்கு முன் இவள் கை அளைந்த குப்பையாக இருந்திருக்கலாம். பாவம், அவருக்கு அது தெரியாமலே இருக்கட்டும்.

பட்டறையில் முதல் பதினைந்து வருஷம் சபுரா பிரிப்பு வேலை பார்த்தாள். பிளாஸ்டிக்கில் இத்தனை ஜாதி இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவள். தாராவியில் அதற்குப் பாடம் ஒரு லைட்டர்தான். துண்டின் முனையைக் கொளுத்தி, ஊதி அணைத்து, புகையை மோந்து பார்ப்பார்கள். மெழுகுவர்த்தி அணைந்த வாசனை வந்தால் பாலிதீன். முடி கருகிய வாடை வந்தால் நைலான். கண்ணில் நீர் இறக்கி மூக்கை அரித்தால் பிவிசி, அதை உடனே தூரப் போட வேண்டும். மற்றவர்களுக்கு ரகம் மட்டும் தெரியும். சபுரா ஒரு தரம் மோந்தாலே எண்ணெய் கேனா, சோப்புத் தண்ணீர் கேனா, எத்தனை தரம் உருகியது என்பதுவரை சொல்லிவிடுவாள். சந்தேகம் வந்தால் அடுத்த பட்டறைக்காரர்கள்கூட துண்டை எடுத்துக்கொண்டு இவளிடம் வருவார்கள். அக்கா என்பதற்கு அவர்கள் பேச்சில் லாத்தா. "லாத்தா, கொஞ்சம் மூக்கு குடுங்க" என்பார்கள்.

மருந்து விஷயம் வந்தது பத்து வருஷத்துக்கு முன்னால். மாட்டுங்காவில் இருக்கும் ஷ்யாமளா என்ற அம்மாள், கெமிஸ்ட்ரி படித்தவர், அப்போது பிளாஸ்டிக்குக்கான பவுடர் விற்கும் கம்பெனியில் இருந்தார். பருத்திப் புடவையும் தோளில் பையுமாகச் சாக்கடையைத் தாண்டித் தாண்டி வந்து, ஒவ்வொரு பட்டறையாக ஏறி இறங்கினார். ஹமீது நல்லவன், ஆனால் அன்றைக்கு மெஷின் மக்கர் பண்ணிய கோபத்தில் இருந்தான். "பவுடர் போட்டா தானா என்ன பேசவா செய்யும்?" என்று கேட்டு அனுப்பிவிட்டான். போகிறவரை வாசலில் நிறுத்தியது சபுராதான்.

"மேடம், இதைப் போட்டா என்ன ஆவும்?"

ஷ்யாமளா நின்ற நிலையிலேயே சொன்னார். பிளாஸ்டிக்குக்குச் சூடும் காற்றும் ஆகாது. உருக்கும்போதெல்லாம் கொஞ்சம் கிழடு தட்டும். அதனால் முதல்முதலில் செய்கிற கம்பெனிக்காரன் ஒரு மருந்து சேர்த்துத்தான் விடுவான். காற்று பிளாஸ்டிக்கைத் தின்ன வரும்போது அந்த மருந்து முன்னால் போய்த் தன்னைக் கொடுத்துவிடும். ஆனால் அது ஒரு ஆயுசுக்குத்தான் காணும். குப்பையாகி இங்கே வந்து சேருவதற்குள் மருந்தெல்லாம் தீர்ந்து, வெறும் உடம்பாக வரும். அதை அப்படியே மறுபடி உருக்கினால் பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஒரு வருஷத்தில் பொரிந்து போகும்.

"சொன்னா எனக்குப் புரியாது. காட்டுங்க" என்றாள் சபுரா.

ஷ்யாமளா சிரித்துவிட்டு ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொடுத்துப் போனார். சபுரா வீட்டிலிருந்து பூரி அழுத்தும் இரும்புக் கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மெஷின் வாயில் கொழகொழவென்று வரும் பிளாஸ்டிக்கில் மருந்து போட்டது ஒரு உருண்டை, போடாதது ஒரு உருண்டை. இரண்டையும் வட்டமாக அழுத்தினாள். ஊசியைக் காய்ச்சித் தேதியும் அடையாளமும் எழுதி, தன் வீட்டுத் தகரத்தின் மேல் வைத்தாள். மே மாதத்து மத்தியானத்தில் அந்தத் தகரத்தில் முட்டை பொரிக்கலாம். மழைக்குத் தார்ப்பாய் போட்டபோது உள்ளே எடுத்து வைத்தாள், மழை விட்டதும் திரும்பப் பரப்பினாள். இப்படி முழுசாக ஒரு வருஷம். வீட்டில் பூரி கிடையாது, சப்பாத்தியும் கோணல். அதைப் பற்றி வீட்டுக்காரர் இன்றைக்கும் யாரிடமாவது முறையிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

வருஷம் முடிந்த அன்றைக்கு இரண்டு வத்தலையும் ஹமீதின் மேஜையில் வைத்தாள். ஒன்றை வளைத்தான், வளைந்தது. மற்றதை வளைத்தான், சடக்கென்று உடைந்து மடியில் விழுந்தது. ஹமீது உடைந்த துண்டுகளைப் பொறுக்கி மேஜைமேல் வைத்தான். பிறகு ஷ்யாமளாவுக்கு போன் போட்டான்.

அன்றிலிருந்து மருந்து அறை சபுராவுடையது. அறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தட்டி வைத்து மறைத்த ஆறடி இடம், ஒரு எலெக்ட்ரானிக் தராசு, பூட்டு, சாவி. நூறு கிலோ மாலுக்கு இருநூறு கிராம் மருந்து. அதற்கு முன் அந்தத் தெருவில் எந்தப் பட்டறையிலும் ஒரு பெண் கையில் சாவி இருந்ததில்லை. தராசின் எண் ஆடி அடங்குகிறவரை அவள் மூச்சுகூட விடமாட்டாள் என்று பிரிப்பு வேலைக்காரிகள் கேலி செய்வார்கள். ஒவ்வொரு நாள் சரக்கிலிருந்தும் இரண்டு வத்தல் அழுத்துவாள். ஒன்று கூரைக்கு, ஒன்று பிஸ்கட் டப்பாவுக்குள். சனிக்கிழமை சாயங்காலம் கூரை ஏறி வளைத்துப் பார்ப்பாள். நாலு சனிக்கிழமை வளைந்தால் அந்தச் சரக்கு தேறியது. இது அவளாகப் போட்ட சட்டம். யாரும் கேட்டதில்லை, யாரும் சம்பளமும் தரவில்லை. அவளுக்கு அது இல்லாமல் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்ததில், போன மே மாதம் ஒரு வியாழக்கிழமை, அம்பர்நாத்தில் பைப் கம்பெனி வைத்திருக்கும் ஜகந்நாதன் வந்து இறங்கினார். ஹமீதின் தானாவை வாங்கிக் கறுப்புத் தண்ணீர்க் குழாய் போடுகிறவர். அதிர்ந்து பேசாத மனிதர். அன்றைக்கு ஒரு பையை மேஜைமேல் கவிழ்த்தார். ஒவ்வொன்றும் ஒரு நீளத்தில் குழாய்த் துண்டுகள், எல்லாவற்றிலும் வெடிப்பு. ஒரு துண்டில் மட்டும் வெடித்த இடத்தைச் சுற்றி ஒரு சேலைக் கிழிசல் இறுக்கிக் கட்டியிருந்தது. ஊதாவில் மஞ்சள் பூப் போட்ட சேலை. முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சு.

"பாண்டுப்ல மலைமேல வீடு வீடா ஏறுற லைன் இது, பாய்" என்றார் ஜகந்நாதன். "காலம்பற ஒரு மணி நேரந்தான் தண்ணி. மூணு சந்துல வழியிலயே பீச்சி அடிக்கி. மேல இருக்க வீட்டுக்கு ஒரு குடம்கூட போய்ச் சேரல. பொம்பளையாளு சேலையக் கிழிச்சிக் கட்டிப் பாத்திருக்கு. கறுப்பு மாலு, வெயிலத் தாங்கணும். மால் வாங்கி மூணே மாசம். மருந்து இல்லாத மால்தான் இப்படிப் பொரியும்னு எனக்குத் தெரியும், பாய்."

ஹமீது திரும்பினான். பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்தியிருந்தார்கள். கிரைண்டர்கூட நின்றிருந்தது.

"லாத்தா, பிப்ரவரி மாலுக்கு மருந்து போட்டியளா?"

பத்து வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. "போட்டேன்" என்றாள். வேறு என்ன சொல்ல? போட்ட மருந்து பிளாஸ்டிக்குக்குள் கரைந்து போய்விட்டது, எடுத்துக் காட்ட முடியாது.

ஹமீதுக்கும் சங்கடம்தான். ஆனால் எதிரில் ஜகந்நாதன் நிற்கிறார், பையும் குழாயும் கிடக்கின்றன. "சாவியக் குடுங்க லாத்தா. என்னன்னு தெரியிற வரைக்கும் நானே பாத்துக்கிடுதேன். நீங்க சனிக்கிழமையிலேர்ந்து பிரிப்புல இரிங்க" என்றான். ஜகந்நாதனிடம் சனிக்கிழமை காலையில் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்தான். சபுரா இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மேஜையில் வைத்தாள். போகும்போது அந்தச் சேலை கட்டிய துண்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். அவளை யாரும் தடுக்கவில்லை.

வெயில் இறங்குவதற்குள் கூரை ஏறினாள். பிப்ரவரி வரிசை கோடியில் கிடந்தது. நாலு சனிக்கிழமை தேறிப்போன சரக்கு, அதற்கப்புறம் அவள் தொடவில்லை. பத்தாம் தேதி வத்தலை எடுத்தாள், வளைந்தது. பதினொன்று, வளைந்தது. பன்னிரண்டாம் தேதியை இரண்டு விரலால் அழுத்தினாள். அப்பளம் மாதிரி நொறுங்கியது. பதின்மூன்றும் அதே கதி. பதினாலு நன்றாக வளைந்தது. அதற்கப்புறம் எல்லாம் வளைந்தது.

சபுரா தகரச் சூட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரே மூட்டை மருந்து, ஒரே தராசு, ஒரே கை. நடுவில் இரண்டு நாள் மட்டும் எப்படிச் செத்தது? உடைந்த துண்டைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள். உடைந்த ஓரத்தில் மயிரிழை போல ஒன்று மினுங்கியது. ஊசியால் நெம்பினாள், சிவப்பாக வந்தது. அடுத்த துண்டிலும் உடைந்த இடத்தில் ஒன்று. அதற்கு அடுத்ததிலும்.

செம்பு.

இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. பன்னிரண்டாம் தேதி காலை, பக்கத்துச் சந்து ஜீஷான் அனுப்பிய பழைய டெலிபோன் கேபிளின் கறுப்புத் தோல், பொடியாக அரைத்தது. ஜீஷான் கேபிள் வாங்கிச் செம்பை எடுத்துக்கொண்டு தோலை விற்கிறவன். வாசலில் நின்று மால் எடுத்தது இவள்தான். கொளுத்தி மோந்தாள்; சுத்தமான மெழுகுவர்த்தி வாசனை. அவ்வளவு நயமான சரக்கைப் பார்த்து நாளாகியிருந்தது. "உள்ள விடு" என்றாள். அன்றும் மறுநாளும் உருகியது அதுதான். செம்பு இருக்குமோ என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தாராவியில் யாருக்கும் தோன்றாது. செம்பு என்பது காசு. கேபிள்காரன் ஒருவன் செம்பைத் தோலோடு விட்டுவைப்பான் என்று சொன்னால் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். உட்கார்ந்து கத்தியால் உரித்த காலத்தில் அது சரிதான். ஜீஷான் தீபாவளிக்கு அப்புறம் மெஷின் வாங்கியிருந்தான். கேபிளை முழுசாகப் போட்டு அரைத்து, செம்பைத் தனியாக உதறும் மெஷின். அது உதறினது போக, கண்ணுக்குத் தெரியாத தூள் தோலிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். பட்டறை வாசலில் இருக்கும் காந்தம் இரும்பைத்தான் பிடிக்கும், செம்பைப் பிடிக்காது. மூக்கும் பிடிக்காது.

வெள்ளிக்கிழமை பட்டறை விடுமுறை. சபுரா பிஸ்கட் டப்பாவில் இருந்த பன்னிரண்டாம் தேதி வத்தலையும் கூரையில் நொறுங்கியதையும் டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு செம்பூருக்கு பஸ் ஏறினாள். ஷ்யாமளா இப்போது அங்கே ஒரு டெஸ்டிங் லேபில் இருக்கிறார். தலை நரைத்துவிட்டது, பருத்திப் புடவை மாறவில்லை.

"வாங்கோ சபுரா. டிபன் பாக்ஸ்ல என்ன, வத்தலா?" என்று சிரித்தவர், இவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சபுரா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மேடம், செம்பு மருந்தக் கொல்லுமா?"

ஷ்யாமளா அவளை நிமிர்ந்து பார்த்தார். "இதை யார் உங்களுக்குச் சொன்னா?"

"யாரும் சொல்லல. ஒடஞ்ச எடத்துல எல்லாம் அதான் இருந்துச்சு."

லேபில் ஒரு மெஷின் இருக்கிறது. கடுகளவு பிளாஸ்டிக்கை அதற்குள் வைத்து, சூடேற்றி, ஆக்சிஜனைச் செலுத்தினால் அது எத்தனை நிமிஷம் தாக்குப்பிடிக்கிறது என்று எண்ணிக் காட்டும். டப்பாவில் வெயில் படாமல் இருந்த வத்தலில், செம்பு இழை தெரியாத இடத்தில் ஒரு கடுகு வெட்டினார்கள். இருபத்திரண்டு நிமிஷம் தாங்கியது. அதே வத்தலில், செம்பு இழை இருந்த இடத்தில் இன்னொரு கடுகு. மூன்று நிமிஷத்தில் போய்விட்டது. சபுரா இரண்டு கோட்டையும் கம்ப்யூட்டர் திரையில் பார்த்தாள். ஒன்று வெகு தூரம் நேராகப் போய்ப் பிறகு ஏறியது. மற்றது கிளம்பினதுமே ஏறிவிட்டது.

"நீங்க மருந்து சரியா போட்டிருக்கேள். அளவு கரெக்ட்" என்றார் ஷ்யாமளா. "செம்பு பக்கத்துல இருந்தா பிளாஸ்டிக்கைக் காத்து பத்து மடங்கு வேகத்துல தின்னும். மருந்து அதோட போராடித் தீர்ந்து போயிடும். தீர்ற வரைக்கும் வெளியில ஒண்ணுமே தெரியாது, நன்னாத்தான் வளையும். தீர்ந்த மறுநாள்லேர்ந்து சரசரன்னு போயிடும். அதான் உங்க நாலு சனிக்கிழமைல மாட்டலை. செம்புக்குன்னு தனி மருந்து ஒண்ணு இருக்கு, கேபிள் பண்றவா போடுவா. அது உங்க பவுடர்ல கிடையாது." பிறகு பேப்பரை எடுத்து இங்கிலீஷில் அச்சடித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "இதைக் கொண்டுபோய் ஹமீது கிட்ட குடுங்கோ. உங்க பேர்ல ஒரு தப்பும் இல்லைன்னு இதுலயே தெரிஞ்சுடும்."

வீட்டில் சஃப்ரீன்தான் அதை வாசித்துச் சொன்னாள். வாசிக்க வாசிக்க அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "உம்மா, மருந்து போதுமான அளவு இருக்குன்னு க்ளியரா எழுதிருக்கு! செம்புத் தூள்தான் காரணமாம். அவ்வளவுதான், மேட்டர் கதம். நாளைக்கு இத டேபிள்ல வச்சிரு. ஜீஷான் பாயோட மால்தான் கராப். உன் மேல ஒண்ணுமே வராது."

"அந்த மால மோந்து பாத்து உள்ள விடச் சொன்னது யாருன்னு போட்டிருக்கா?"

"அது எதுக்கு இதுல வரப்போகுது? இது லேப் ரிப்போர்ட் உம்மா."

சபுரா எழுந்தாள். அடுப்படியில் சேலை கட்டிய குழாய்த் துண்டு கிடந்தது. அந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அசையவில்லை. விடிகாலையில், தண்ணீர் நிற்பதற்குள் கட்டியாக வேண்டும் என்று யாரோ ஒருத்தி தன் முழு பலத்தையும் போட்டு இறுக்கின முடிச்சு. கடைசியில் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தாள்.

எனக்கு அவளிடம் பிடித்தது இந்த இடம்தான் என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பேப்பர் பொய் சொல்லவில்லை. அதை மேஜைமேல் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளும் பொய் சொன்னதாக ஆகாது. சாவி திரும்ப வந்திருக்கும், மானமும் திரும்ப வந்திருக்கும். நானாக இருந்தால் சத்தியமாக அதைத்தான் செய்திருப்பேன்.

சனிக்கிழமை காலையில் ஜகந்நாதன் வந்துவிட்டார். ஹமீது பேப்பரை விரல் வைத்து இரண்டு தரம் படித்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. லாத்தாவைச் சந்தேகப்பட்டது இரண்டு நாளாக அவனையும் அரித்துக்கொண்டிருந்தது போலும். எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னான்: "லாத்தா மருந்து போட்டிருக்காங்க, பக்கா. ஜீஷான் பயதான் செம்போட அனுப்பிருக்கான். இனிமே அவன் மால் ஒரு மூட்டை இந்த வாசல்ல ஏறக்கூடாது. இப்பமே போன் போடுதேன்."

"போன வைங்க தம்பி" என்றாள் சபுரா.

குரல் உயரவில்லை. ஆனால் வியாழக்கிழமை மாதிரியே கிரைண்டர் நின்றது.

"மருந்து போட்டது நான்தான். செம்ப உள்ள விட்டதும் நான்தான். ஜீஷான் ஒளிச்சிக் கொண்டாரல, அவனுக்கே தெரியாது. வாசல்ல நின்னு மோந்து பாத்துட்டு விடுன்னு சொன்னேன். செம்ப எவன் விட்டுவைப்பான்னு நெனச்சேன். மெஷின் வந்துட்டு, தூளு தங்கும்னு நான்லா யோசிச்சிருக்கணும்? நாலு சனிக்கிழமையோட வத்தல விட்டதும் என் தப்பு. அஞ்சாவது, ஆறாவது வாரம் வளச்சிருந்தேன்னா அண்ணாச்சி கொழாய் போடுததுக்கு முந்தியே தெரிஞ்சிருக்கும்."

ஹமீது போனைக் கீழே வைத்தான். ஜகந்நாதன் தொண்டையைச் செருமினார். அவருக்கு வேறு கவலை. "அது சரிம்மா. உங்க மால்ல நான் நாலு மாசமா கொழாய் போட்டு, ஏழு எடத்துக்குக் குடுத்திருக்கேன். அவ்வளவையும் புடுங்கணுமா?"

சபுரா கொண்டுவந்த பையைக் கவிழ்த்தாள். ஜனவரியிலிருந்து அன்றுவரை கூரையில் காய்ந்த வத்தல் அத்தனையும் அதில் இருந்தன. மேஜைமேல் தேதி வாரியாக அடுக்கினாள். "வளச்சிப் பாருங்க அண்ணாச்சி" என்றாள்.

ஜகந்நாதன் ஒவ்வொன்றாக வளைத்தார். கால் மணி நேரம் ஆயிற்று. பட்டறையே சுற்றி நின்று பார்த்தது. எல்லாம் வளைந்தன. பன்னிரண்டும் பதின்மூன்றும் இருந்த இடத்தில் மட்டும் தூள் கிடந்தது.

"ரெண்டு நாள் மால். இருபத்திரண்டு மூட்டை" என்றாள் சபுரா. "அது எந்தெந்தக் கொழாயில போச்சுன்னு உங்க கம்பெனில தேதி இருக்கும்ல்லா. அத மட்டும் மாத்துங்க. மத்ததத் தொட வேண்டாம். அதுக்கு நான் பொறுப்பு."

ஜகந்நாதன் தன் போனைத் திறந்து தேதிகளைப் பார்த்தார். அந்த இருபத்திரண்டு மூட்டையும் போனது பாண்டுப்பின் அந்த மூன்று சந்துக்கும் பக்கத்தில் இன்னொரு சந்துக்கும்தான். நாலாவது சந்தில் இன்னும் வெடிக்கவில்லை. அந்த வாரமே ஹமீது புது தானா கொடுத்து, ஜகந்நாதன் குழாய் போட்டு, நாலு சந்திலும் மாற்றினார்கள். கழற்றிப் பார்த்தபோது நாலாவது சந்துக் குழாயை ஆள் கையாலேயே ஒடித்தானாம். மற்ற ஆறு இடத்துக் குழாய்களும் இன்றைக்கும் மண்ணிலும் வெயிலிலும் வெடிக்காமல் கிடக்கின்றன.

அன்றைக்கு ஜகந்நாதன் போனபின் ஹமீது சாவியை நீட்டினான். "லாத்தா, எல்லார் முன்னாலயும் கேட்டது..." என்று இழுத்தான்.

"கேக்காம என்ன செய்வீங்க? கொழாய் வெடிச்சிருக்குல்லா" என்று சாவியை வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டாள். ஆனால் அறைக்குள் போகவில்லை. நேரே ஜீஷானின் சந்துக்கு நடந்தாள். அவனைத் திட்டப் போகிறாள் என்று கூடவே நாலு பேர் போனார்கள். அவர்களுக்கு ஏமாற்றம். அவன் மெஷின் பக்கத்தில் நின்று, தூள் எங்கே எப்படித் தங்குகிறது என்று ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, அரைத்த தோல் ஒரு பிடி வாங்கி வந்தாள். ஷ்யாமளாவிடம் போனில் கேட்டு, அதை அமோனியா தண்ணீரில் ஊறப் போட்டாள். மறுநாள் தண்ணீர் இளநீலமாக மாறியிருந்தது. செம்பு இருந்தால் நீலம் ஏறும். இப்போது கேபிள் மால் எது வந்தாலும் லைட்டரோடு ஒரு நாள் ஊறலும் உண்டு. நீலம் ஏறினால் அந்த மூட்டை பைப் மாலுக்குப் போகாது. அந்த நீலத்தைப் பார்த்தபிறகு ஜீஷானும் தன் மெஷினில் இன்னொரு சல்லடை மாட்டிவிட்டான். அவன் விட்டுக்கொண்டிருந்தது அவனுடைய செம்புதானே.

நாலு சனிக்கிழமைச் சட்டமும் போய்விட்டது. இப்போது எந்த வத்தலுக்கும் விடுதலை கிடையாது. உடைகிற வரைக்கும் சபுரா வளைப்பாள். கூரையில் இடம் போதாமல் பூமாரியின் கூரையிலும் பாதியைப் பிடித்துக்கொண்டாள். மோர்மிளகாய்க்கு நடுவே கறுப்பு வத்தல் காய்கிறது. பூமாரி முணுமுணுத்துக்கொண்டே இரண்டையும் திருப்பிப் போடுகிறாள்.

மருந்து அறையில் தராசுக்கு நேர் மேலே ஒரு ஆணி உண்டு. அதில் பன்னிரண்டாம் தேதி வத்தலின் பெரிய துண்டு ஒன்று, ஊதாவில் மஞ்சள் பூப் போட்ட ஒரு சேலைக் கிழிசலில் கட்டித் தொங்குகிறது. புதிதாக மால் வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, கண் படாமலிருக்கக் கட்டியது என்று நினைத்துக்கொள்வார்கள். ஹமீதும் வியாபாரம் தெரிந்தவன், ஆமாம் நஸருக்குத்தான் என்று சொல்லிச் சமாளிக்கப் பார்ப்பான்.

உள்ளேயிருந்து சபுராவின் குரல் வரும். "இல்ல அண்ணே. அது நான் பாஸ் பண்ணுன மால்."

சொல்லிவிட்டு மருந்தைத் தட்டில் கொட்டுவாள். எண் இருநூறில் வந்து நிற்கிறவரை யாரோடும் பேச மாட்டாள்.